காஞ்சி தந்த பேரறிஞரும் வளர்த்தெடுத்த அன்னையும்

தாய்மையைப் போற்றாத சமயம் உலகில் இல்லை. தாயின் பெருமையைப் பேசாத மொழியும் இல்லை. ஆயினும், தாய் என்ற சொல்லைச் செவியுற்றவுடன் சுமந்து பெற்றவளையே நம் உள்ளம் எண்ணுகின்றது. பெறாமலே தாயானவர்கள், பிறர் வயிற்றுப் பிள்ளையைத் தம் மடியில் இருத்தி ஆளாக்கியவர்கள், பெரும்பாலும் வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடுகின்றனர். அத்தகைய அன்னை ஒருவரின் அரவணைப்பில் வளர்ந்து, தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த பேரறிஞர் அண்ணாவின் வாழ்வை, அந்த அன்னையை முன்னிறுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ப்புத் தாயின் சிறப்பு

வளர்ப்புத் தாய்க்கு இஸ்லாம் வழங்கியுள்ள இடம் தனித்தன்மை வாய்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தவர்கள். ஆறாம் வயதில் அன்னை ஆமினாவையும் இழந்தவர்கள். பனூ ஸஅத் குலத்தைச் சார்ந்த ஹலீமா நாச்சியார் அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்தார். பின்னாளில் அந்த அம்மையார் தம்மைக் காண வந்தபோது, நபிகளார் எழுந்து வரவேற்றுத் தம் மேலாடையையே விரித்து அமரச் செய்தார்கள் என வரலாறு கூறும். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டு படலம் எனத் தனிப் படலமே அமைத்து இந்த உறவைப் பாடியுள்ளமை தமிழ் மாணவர் அறிந்ததே. பாலூட்டிய தாயையும் அவர்தம் மக்களையும் இரத்த உறவினர்க்கு ஒப்பாக வைத்து, அவர்களோடு மணவுறவு கூடாது என்று விலக்கியது இஸ்லாமியச் சட்டம். நன்றியுணர்வு அங்கே சட்டத்தின் வலிமையையும் பெற்றுவிட்டது. நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றிலும், ஆற்றில் விடப்பட்ட குழந்தையைக் கொல்லவிடாமல் காத்து வளர்த்தவர் ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா அம்மையார் அல்லரோ?

தமிழ் மரபும் இதற்குப் பின்தங்கியதன்று. அகப்பாடல்களில் நற்றாய்க்கு இணையாகச் செவிலித்தாயும் பேசுகிறாள். உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிப் பாலை வழியில் அலைபவள் அவளே. தலைவியின் உயிர்த்தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்துள்ளது. வைணவ மரபில் கண்ணனைப் பெற்றவள் தேவகி. ஆனால் பெரியாழ்வார் தம்மை அசோதையாகவே பாவித்துக்கொண்டு பிள்ளைத்தமிழுக்கு வழிகாட்டினார். சமயங்கள் வேறுபடினும் வளர்த்தவளைப் போற்றும் நெஞ்சம் ஒன்றே என்பதற்கு இவை சான்றுகள்.

தறியொலி கேட்ட பிள்ளைப் பருவம்

கோயில்களாலும் பட்டாலும் பெயர்பெற்ற நகரம் காஞ்சி. ஏகாம்பரநாதர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் பெரிய காஞ்சியில் விளங்க, வரதராசப் பெருமாள் கோயில் சின்னக் காஞ்சியில் விளங்குகின்றது. மணிமேகலை தன் அமுதசுரபியோடு வந்து பசித்தோர்க்கு உணவளித்த ஊர் என்று சாத்தனாரின் காப்பியம் போற்றுவதும் இந்நகரையே. பெண்ணொருத்தி ஊருக்கெல்லாம் தாயான கதை இவ்வூரின் பழங்கதை.

இந்நகரில், கைத்தறி நெசவை வாழ்வாகக் கொண்ட எளிய குடும்பத்தில், 1909ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் நடராசனார், பங்காரு அம்மையார் இணையருக்கு மகனாகத் தோன்றியவர் அண்ணாதுரை. அவரைப் பெற்றவர் பங்காரு அம்மையார். வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். வடதமிழகக் குடும்பங்கள் சிலவற்றில் சிற்றன்னையைத் தொத்தா என்று அழைப்பது வழக்கம். அண்ணாவும் அவ்வாறே அழைத்தார். நாட்டு மக்கள் அனைவரும் அண்ணா என்றழைத்த பெருமகனாருக்குத் தொத்தா என்றழைக்க ஒருவர் இருந்தார் என்பது எண்ணுந்தோறும் இனிக்கும் செய்தியாகும்.

நெசவாளர் இல்லத்தில் தாயின் பணி அடுக்களையோடு முடிவதில்லை. தறியில் அமர்ந்து நெய்பவர் ஆணாக இருப்பினும், அத்தறி ஓடுவதற்கு வேண்டிய பணிகளுட் பலவற்றைச் செய்பவர் பெண்களே. நூலைப் பிரித்து இழைப்பதும், ஊடைக்குத் தார் சுற்றுவதும், வைகறையில் தெருவில் பாவு நீட்டும்போது உடனின்று அறுந்த இழைகளை முடிவதும் அவர்தம் கையுழைப்பு. காஞ்சிப் பட்டின் சிறப்பாகிய கோர்வை முறையில், சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு இழையோடு இழையாகப் பிணைக்கப்படும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குத் துணையாக மற்றொருவர் அருகிருந்து கரை நாடாவைச் செலுத்தவும் வேண்டும். சேலை விற்கும்போது அந்தத் துணைக் கையின் பெயரை எவரும் கேட்பதில்லை. நெசவாளர் வீட்டுத் தாய்மாரின் நிலையும் பெரும்பாலும் அதுவே.

இத்தகைய சூழலில், இறைப்பற்று மிக்க அன்னையரின் கைப்பிடித்து வளர்ந்தவர் அண்ணா. கோயில் மணியோசையும் தறியோசையும் கலந்து ஒலித்த தெருக்களே அவருடைய முதற்பள்ளி எனலாம்.

கல்வியும் கடமையும்

காஞ்சியிலிருந்த பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணா பயின்றார். குடும்பத்தின் வருவாய் போதாமையால் இடையில் கல்வி தடைப்பட்டது. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிலகாலம் பணியாற்றினார். அத்துடன் நின்றிருந்தால், கோப்புகளுக்கிடையே ஓர் எழுத்தராக அவர் வாழ்வு முடிந்திருக்கும். ஆனால் 1928ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அவர் மீண்டும் பயிலத் தொடங்கினார். நெசவுக் குடும்பம் ஒன்று, உழைக்கும் வயதை எட்டிய பிள்ளையைப் பல்லாண்டுகள் கல்லூரியில் பயிலவிடுவதென்பது அந்நாளில் எளிய செயலன்று. வருகின்ற ஊதியத்தை இழப்பதோடு, செல்கின்ற செலவையும் ஏற்க வேண்டும். வீட்டிலிருப்போரின் தியாகமின்றி அது கைகூடாது.

மாணவராக இருந்தபோதே, 1930ஆம் ஆண்டில், இராணி அம்மையாரை மணந்தார். 1934ஆம் ஆண்டில் பொருளியலும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருப்பூரில் நடந்த மாநாடொன்றில் தந்தை பெரியாரைச் சந்தித்தார். சிறிது காலம் பள்ளியாசிரியராகப் பணிபுரிந்த பின்னர், நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முழுமையாக ஈடுபட்டார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வளர்த்த அன்னையின் உள்ளம் வழிபாட்டில் தோய்ந்தது. பிள்ளையின் வழியோ பகுத்தறிவு வழி. சடங்குகளையும் மூடப்பழக்கங்களையும் மேடைதோறும் கண்டித்துப் பேசியவர் அவர். அன்னையின் நம்பிக்கைக்கும் பிள்ளையின் கொள்கைக்கும் இடையே இத்துணை இடைவெளி ஏற்படும்போது, பல இல்லங்களில் உறவு முறிந்துவிடும். ஒன்று, பிள்ளை தாயை அறியாதவள் என எள்ளி ஒதுக்குவான்; அன்றேல் தாய் பிள்ளையைக் கெட்டவன் எனக் கைவிடுவாள். அண்ணாவின் இல்லத்தில் இவ்விரண்டும் நிகழவில்லை. தொத்தா அவர் குடும்பத்தின் மூத்தவராகவே விளங்கினார்; அண்ணாவும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. கருத்தில் மாறுபட்டும் அன்பில் மாறாமை என்னும் அரிய பண்பை அவர் முதலில் பயின்றது அந்த இல்லத்திலேதான் என்று கருத இடமுண்டு. பிற்காலத்தில், குலமும் ஒன்றே தேவனும் ஒருவனே என்னும் திருமூலர் நெறியைத் தம் இயக்கத்தின் குறிக்கோளாக அவர் ஏற்றுப் பரப்பியதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

ஏட்டில் எழுந்த தாய்

1938ஆம் ஆண்டில் இந்தித் திணிப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அண்ணா நான்கு திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். கைக்குழந்தைகளை இடுப்பில் ஏந்தியவாறு தாய்மார்கள் சிறைக்கோட்டம் புகுந்த போராட்டம் அது. மொழியைத் தாய் எனப் போற்றுவது தமிழ்ப்புலவர் மரபு. அம்மொழிக்காக உண்மையான தாய்மார்களே சிறை சென்ற காட்சி, அக்கால இளைஞர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1942ஆம் ஆண்டில் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' என்னும் வார இதழைத் தொடங்கினார். தாம் வளர்ந்த ஊரைவிட்டு அகலாமல், நெசவாளர் தெருக்களினிடையே அமர்ந்து நாடறிந்த இதழொன்றை நடத்தியமை குறிப்பிடத்தக்கது. கட்டுரை, சிறுகதை, புதினம், நாடகம் என அவர் எழுதுகோல் தொடாத துறை இல்லை. 'ஓர் இரவு', 'வேலைக்காரி' முதலிய நாடகங்கள் மக்களிடையே பெருவரவேற்பைப் பெற்றன. 'வேலைக்காரி' 1949ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

தாய்மையைக் குறித்து அண்ணா கொண்டிருந்த கருத்தை அறிய விரும்புவோர் 'ரங்கோன் ராதா' என்னும் புதினத்தைப் பயிலல் வேண்டும். செல்வத்தின்மீதும் மைத்துனியின்மீதும் கொண்ட ஆசையால், கட்டிய மனைவிக்குப் பேய் பிடித்தது என்று பட்டஞ்சூட்டிக் கொடுமை செய்யும் ஒருவனையும், பெற்ற மகனைப் பிரிந்து கடல் கடந்து செல்ல நேர்ந்த ஒரு தாயையும் அப்புதினம் காட்டுகின்றது. தன் தாய் யார், அவளுக்கு நேர்ந்தது யாது என்பதை வளர்ந்த மகன் அறிந்துகொள்வதே கதையின் உயிர்ப்பகுதி. 1956ஆம் ஆண்டில் இது திரைப்படமாகவும் உருப்பெற்றது. பெண்ணைத் தெய்வமெனக் கோயிலில் வைத்து வணங்கும் சமுதாயம், வீட்டிலிருக்கும் தாயைப் பேயென்று பூட்டி வைக்குமாயின் அந்த வணக்கத்தின் பொருள் என்ன என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. காமாட்சியின் பெயரால் விளங்கும் நகரில் வளர்ந்தவர் எழுப்பிய வினா இது. அவ்வினா எந்த ஒரு சமயத்தாரை மட்டும் நோக்கியதன்று. தாயின் காலடியில் சொர்க்கம் உண்டு என்று மேடையில் பேசிவிட்டு, இல்லத்தில் அவளுடைய சொல்லுக்குச் செவிசாய்க்காத எவரையும் அது சுடும்.

பிரிவிலும் குறையாத பணிவு

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகத்தை அண்ணா தொடங்கினார். தம்மை உருவாக்கிய பெரியாரிடமிருந்து பிரிய நேர்ந்தபோதும், கட்சியின் தலைவர் பதவியில் தாம் அமராமல் அதனைப் பெரியாருக்கென வெறுமையாகவே வைத்தார். பின்வந்த ஆண்டுகளில் கடுமையான சொற்கள் வந்து தாக்கியபோதும் அவர் நாவடக்கம் காத்தார். 1967ஆம் ஆண்டில் தேர்தலில் வெற்றி கண்டவுடன், ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகாலப் பிரிவைப் பொருட்படுத்தாமல், திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டு வணங்கினார். தம் அரசையே அவருக்குக் காணிக்கையாக்குவதாகவும் அறிவித்தார். அத்தேர்தலில் பெரியார் எதிரணியை ஆதரித்தவர் என்பதை நினைவிற்கொண்டால், அச்செயலின் பெருமை விளங்கும். வளர்த்தவரோடு கருத்து மாறுபடலாம். வளர்த்த நன்றியை மறக்கலாகாது என்பதே அவர் வாழ்வின் இலக்கணமாக அமைந்தது.

நெசவாளரின் துயரையும் அவர் மறந்தாரல்லர். கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர் குடும்பங்கள் வறுமையுற்ற காலத்தில், 1953ஆம் ஆண்டில், அவரும் அவர்தம் தோழர்களும் துணிமூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றனர். தறி நின்றால் முதலில் அணைவது அடுப்பு. அடுப்பு அணைந்தால் முதலில் பட்டினி கிடப்பவள் தாய். நெசவாளர் இல்லத்தில் வளர்ந்தவருக்கு இதனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1957ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் தொகுதியிலிருந்து சட்டமன்ற உறுப்பினரானார். 1962ஆம் ஆண்டில் அதே தொகுதியில் தோல்வியுற்றார். பிறந்த ஊரில் அடைந்த தோல்வி எத்தகையோரையும் கசப்புறச் செய்யும். அவரோ அதனைப் பொறுமையுடன் ஏற்று, மாநிலங்களவை உறுப்பினராகத் தில்லி சென்று தமிழர் குரலை ஒலிக்கச் செய்தார். 1967ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இசுமாயில் சாகிபு அவர்களின் முஸ்லிம் லீகு அத்தேர்தலில் அவருக்குத் துணைநின்றது. மீலாது விழா மேடைகளில் நபிகளாரின் வாழ்வைக் குறித்து அவர் ஆற்றிய உரைகளை நம் சமுதாயப் பெரியோர்கள் பன்னெடுங்காலம் நினைவில் வைத்துப் போற்றிவந்தனர்.

சட்டமாக மலர்ந்த மதிப்பு

தாய்மாருக்கு அண்ணா செய்த சிறப்புகளுள் தலையாயது எது என வினவினால், பலரும் எதிர்பாராத ஒன்றையே நாம் விடையாகக் கூறுவோம். அது 1967ஆம் ஆண்டில் அவர் அரசு நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டமாகும்.

1928ஆம் ஆண்டு முதற்கொண்டு, புரோகிதரும் வேள்வியுமின்றி, சான்றோர் முன்னிலையில் மாலைமாற்றி மணந்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணங்கள் தமிழகமெங்கும் நடைபெற்று வந்தன. ஆனால் 1953ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, அம்முறையில் நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று கூறிவிட்டது. அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஊரறிய மணந்து, பல்லாண்டுகள் இல்லறம் நடத்தி, மக்களைப் பெற்று வளர்த்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயினர். அவர்தம் மக்களின் பிறப்புரிமையும் சொத்துரிமையும் ஐயத்திற்கு உள்ளாயின. கணவன் மறைந்தபின் உறவினர் எவரேனும் வழக்குத் தொடுத்தால், தாயும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இழிவு முழுவதும் பெண்ணின் தலையிலேயே விழுந்தது.

அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து அத்திருமணங்களைச் செல்லத்தக்கவை ஆக்கியது. 1968ஆம் ஆண்டு சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இனிமேல் நடக்கும் மணங்கள் மட்டுமன்றி, முன்னர் நடந்தவையும் செல்லும் என முன்னோக்கிச் செல்வதோடு பின்னோக்கியும் அச்சட்டம் அமைந்தமையே அதன் உயிர்நாடி. ஒரே நாளில் ஆயிரமாயிரம் தாய்மார்கள் தாம் இழந்திருந்த மனைவியென்னும் தகுதியைச் சட்டத்தின் வாயிலாகப் பெற்றனர். தாய்க்கு மலர்தூவி மகிழ்வது ஒரு சிறப்பு. தாய் தலைநிமிர்ந்து நடக்க வழிசெய்வது அதனினும் பெரிய சிறப்பு. பாலூட்டிய தாயின் உறவைச் சட்டமாக்கிப் போற்றிய மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு, இதன் அருமை எளிதில் விளங்கும்.

அதே 1967ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தை அவர் தொடங்கினார். உலை வைக்கும் தாயின் கவலையை அறிந்தவர் செய்த ஏற்பாடு அது. ரூபாய்க்கு மூன்று படி என்பது குறிக்கோளாயிருந்தும், நிதிநிலை அதற்கு இடந்தராமையால் இரு நகரங்களோடு திட்டம் நின்றது என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடல் வேண்டும். 1968ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் எழுப்பப்பெற்ற சிலைகளுள், திருவள்ளுவர், கம்பர் முதலியோருடன் ஔவையாருக்கும் கண்ணகிக்கும் இடமளிக்கப்பட்டது. தமிழர் பாட்டியென்றும் தாயென்றும் போற்றும் ஔவைக்குச் சான்றோர் வரிசையில் கிடைத்த இடம் மகிழ்தற்குரியது.

வளர்க்கப்பட்டவர் வளர்த்தார்

அண்ணா இணையருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. மகப்பேறு இல்லாப் பெண்ணை மங்கல நாளில் முன்னிற்கவும் விடாத கொடிய வழக்கம் நம் சமுதாயத்தில் நிலவிய காலம் அது. மகப்பேற்றிற்காக மறுமணம் செய்துகொள்வதும் அந்நாளில் உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்றே. அண்ணாவோ இராணி அம்மையாரோடு கொண்ட இல்லறத்தையே இறுதிவரை பேணினார். தம் தமக்கையின் வழிவந்த பிள்ளைகளை இருவரும் தம் மக்களாக ஏற்று வளர்த்தனர். சிற்றன்னையின் மடியில் வளர்ந்தவர், உறவின் பிள்ளைகளுக்குத் தந்தையானார். அவர்தம் துணைவியார் பெறாமலே தாயானார். தொத்தாவிடமிருந்து பெற்ற கடனை அவர் தொத்தாவிடமே திருப்பிச் செலுத்த முயலவில்லை. அடுத்த தலைமுறைக்குச் செலுத்தினார். வளர்ப்பின் நன்றிக்கடனைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துப் பெருமை செய்தது. காஞ்சி நகராட்சியின் பழைய எழுத்தர், உலகப் புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் மாணவரோடு கலந்துரையாடினார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. தாயகம் திரும்பிய பின்னரும் உடல்நலம் முழுமையாகத் தேறவில்லை. 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைச் சட்டப்படி பெற்றது. தாயகத்திற்கு அதன் பெயரைச் சூட்டி மகிழ்ந்த இருபதாம் நாள், பிப்ரவரி 3ஆம் நாள், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அவர் இயற்கை எய்தினார். முதலமைச்சராக இரண்டாண்டுகளும் நிறைவுறாத நிலையில் முடிந்த அவ்வாழ்வின் இறுதி ஊர்வலத்தில் சென்னை நகரமே மக்கட்கடலாயிற்று. கடற்கரையில் அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது. காஞ்சியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் போற்றப்பட்டு வருகின்றது. காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் அவர் பெயரால் விளங்கும் புற்றுநோய் மருத்துவமனை, அவரைக் கொண்டு சென்ற நோயோடு போராடி வருகின்றது.

திருநாள்களும் தாயரும்

தாயைப் போற்றும் நாள்கள் நமக்குக் குறைவில்லை. ஆடித் திங்களில் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்க்கின்றனர். நவராத்திரியில் காஞ்சிக் காமாட்சியம்மன் கோயில் களைகட்டுகின்றது. கிறித்தவப் பெருமக்கள் அன்னை மரியாளுக்கு விழா எடுக்கின்றனர். அந்த மர்யம் அம்மையாரின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் நாளாக 1914ஆம் ஆண்டில் அமெரிக்கா அறிவித்தது. அதற்காக முயன்ற அன்னா ஜார்விசு என்னும் பெண்மணியே, அந்நாள் வெறும் வாழ்த்தட்டை வணிகமாக மாறியது கண்டு பின்னாளில் அதனை எதிர்த்துப் போராடினார். இன்று அந்நாள் நம் ஊர்களிலும் கொண்டாடப்படுகின்றது.

ஹஜ் கடமையில் ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழுமுறை செல்லும் கடமை, நீர் தேடித் தவித்த அன்னை ஹாஜராவின் ஓட்டத்தை நினைவூட்டுவது. மன்னராயினும் வறியவராயினும், பாலைவெளியில் குழந்தையின் தாகம் கண்டு ஓடிய ஒரு தாயின் அடிச்சுவட்டில் அனைவரும் நடந்தாக வேண்டும். தாயைப் போற்றுதல் என்பது அவள் பட்ட பாட்டை நம் கால்களும் உணர்வதே என இக்கடமை நமக்குக் கற்பிக்கின்றது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். உங்களை இங்கு அனுப்பியவர் பெற்ற தாயாக இருக்கலாம். சின்னம்மாவாக, பெரியம்மாவாக, உம்மும்மாவாக, அக்காளாக இருக்கலாம். கற்ற கல்வி உங்களை அவர்களின் உலகிலிருந்து தொலைவிற்குக் கொண்டு செல்லக்கூடும். அவர்கள் நம்புவதை நீங்கள் நம்பாத காலமும், அவர்கள் பேசுவது உங்களுக்குப் பழமையாகத் தோன்றும் காலமும் வரக்கூடும். அந்நாளில் காஞ்சித் தறியின் கோர்வையை நினைவிற்கொள்ளுங்கள். உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. ஆயினும் இழைகள் பிணைந்திருப்பதால் சேலை கிழிவதில்லை. கரை நாடாவைச் செலுத்திய கையின் பெயரைச் சேலையை உடுத்துவோர் கேட்காமற் போகலாம். அந்தக் கையால் ஆளானவர்கள் அதனைச் சொல்லாமல் விடலாகாது. அண்ணாவின் வரலாற்றில் தொத்தா என்ற சொல் அழியாமல் நிற்பது போல, உங்கள் வரலாற்றிலும் உங்களை வளர்த்தவரின் பெயர் நிற்கட்டும்.